மிச்சம் எட்டுப் பென்னி



ஒருதலைக் காதல் என்றதும் மறுத்துவிட்ட பெண் ஒருத்தி நம் நினைவுக்கு வருவாள். இன்று நான் எடுத்துக்கொண்ட கதையில் மறுப்பே கிடையாது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1905இல் எழுதிய ‘அராபி’ அது. 1914இல் வந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் 15 கதைகளில் மூன்றாவது.

டப்ளினில் ஒரு முட்டுத்தெரு. பெயர் சொல்லப்படாத ஒரு பையன். நண்பன் மங்கனின் அக்கா வீட்டைவிட்டு வெளியே வரும் நேரம் பார்த்து, தானும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறான். (அக்காவா தங்கையா என்று ஆங்கிலம் சொல்லாது; தமிழுக்குச் சொல்லியாக வேண்டும். தம்பியைத் தேநீருக்குக் கூப்பிட வாசலில் வந்து நிற்கிறாளே, அக்காதான்.) ஒருநாள் அவளே பேசுகிறாள்: அராபி சந்தைக்குப் போகிறாயா? அவளால் போக முடியாது, கன்னியர் மடத்தில் தியானம். போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்கிறான். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கதையில் இல்லை. மறுமொழி பெறாமல் தானே சொல்லித் தானே மகிழ்வதைக் கைக்கிளை என்றார் தொல்காப்பியர். இவனோ காதலைச் சொல்லக்கூட இல்லை.

சந்தை கற்பனையல்ல. 1894 மே மாதம் ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்ட அதே பெயரில் டப்ளினில் நடந்தது. ஜாய்ஸுக்கு அப்போது 12 வயது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதன் சில்லறைக் கணக்கு. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, மறந்துபோய்த் தாமதமாக வந்த மாமா ஒரு ஃப்ளோரின் தருகிறார். 2 ஷில்லிங், அதாவது 24 பென்னி. ஆளில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டி. ரயில் ஊர்ந்து போய்ச் சேரும்போது மணி பத்தாகப் பத்து நிமிடம். ஆறு பென்னி வாசலைக் காணோம். மூடிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் முழு ஷில்லிங்கைக் கொடுத்து நுழைகிறான். முடிவில் பையில் ஓர் ஆறு பென்னிக் காசும் இரண்டு பென்னியும். கழித்துப் பாருங்கள்: ரயிலுக்குப் போனது 4. கூட்டல் கழித்தலை நம்மிடம் விட்டுவிட்டுக் காசின் சத்தத்தை மட்டும் ஜாய்ஸ் கேட்கவைக்கிறார்.

காசு போதாததால் கனவு உடைந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீங்கான் கடையில் ஒரு பெண் இரண்டு ஆங்கில இளைஞர்களோடு சிரித்துப் பேசுகிறாள். சொன்னாயா இல்லையா என்று ஒன்றுமில்லாத வழக்கு. பையன் காதில் அது விழுகிறது. ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது இவ்வளவுதானா? தனக்குக் கிடைத்த அந்த ஒரே உரையாடலும் இந்த ரகம்தானோ? அதன்பின் அவன் எதையும் வாங்கவில்லை.

கடைசி வாக்கியத்தில் அவனுக்குத் தன்மேலேயே வரும் கோபம் அந்த வயதுக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. வளர்ந்தபின் கதை சொல்பவர் போட்டுவிட்டது. விளக்குகள் அணைகின்றன, கதை முடிகிறது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் அவள் திரும்பிப் பார்த்து, சந்தை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கலாம்.