தாயின் கையிலுள்ள மருந்து

(அலிப்பூரில் தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே,

நாம் கூடியிருக்கும் இந்த அலிப்பூர், 1986 வரை பிரிக்கப்படாத 24 பர்கனா மாவட்டத்தின் தலைமையிடம். அம்மாவட்டத்தின் எல்லை நகரம் போங்காவ். 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, அங்கு அகதிகள் வந்து குவிந்தனர். முகாம்களில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது; அதை ஏற்றப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டனர்.

அங்கு பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனோபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றைக் கல்கத்தாவில் பொட்டலமிட்டு வரவழைத்தார். நீரில் கரைத்து வாய்வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர்கள் யார்? நோயாளிகளின் உற்றார் உறவினரே. இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இதன் அறிவியல் எளியது. குடலில் சர்க்கரை உட்புகும்போது உப்பையும் உடன் கொண்டு செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. நோயின் உச்சத்திலும் இவ்வழி அடைபடுவதில்லை. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, வாய்வழிக் கரைசலின் பயனை 1953இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

அறிவு பிறப்பது ஒன்று. அது மக்களைச் சென்றடைவது மற்றொன்று. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு, 1980களில் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களில் தாய்மாருக்கு உப்பு வெல்லக் கரைசலைச் செய்யக் கற்பித்தது. தாய்மார் கற்றதை எவ்வளவு நினைவில் கொண்டிருந்தனர் என்பதைச் சோதித்தே கற்பித்தவருக்கு ஊதியம் கணக்கிடப்பட்டது.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பத்தில் ஏறத்தாழ அறுவருக்கே உப்பு சர்க்கரைக் கரைசல் கிடைத்தது. துத்தநாக மருந்து கிடைத்தது மூவருக்கே. நோயுற்ற குழந்தைக்கு நீரையும் உணவையும் குறைக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை.

இதில் முதலில் பலியாகக்கூடியது எந்தக் குழந்தை? பிறந்தவுடன் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றை அளக்கிறார்கள். எடை இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் அது குறை எடைக் குழந்தை. குறைப்பிரசவம் அதற்கு ஒரு காரணம்; தாயின் இரத்தசோகையும் அரைவயிற்று உணவும் மற்றொரு காரணம். அத்தகைய குழந்தையின் உடலில் நீர் இழப்பைத் தாங்கும் வலிமை குறைவு. தாய்க்கு மறுக்கப்பட்ட கூலியும் உணவும் குழந்தையின் எடையில் வந்து நிற்கின்றன.

அறியாமையில் இலாபம் காண்போரும் உண்டு. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் கடைகளில் விற்கப்பட்டன. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்து நோயைக் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைத் தடை செய்தது.

தோழர்களே, பிறந்த குழந்தையின் வீட்டிற்கு ஆறு வாரங்களுக்குள் பலமுறை சென்று எடை பார்ப்பவர் ஆஷா ஊழியர். இவ்வறிவைத் தாயிடம் கொண்டு சேர்ப்பவரும் அவரே. அரசோ அவரைத் தொழிலாளி என ஏற்காமல் ‘தன்னார்வலர்’ என்கிறது. அவரது ஊதியத்திற்கான போராட்டம் குழந்தைகளின் உயிருக்கான போராட்டமும் ஆகும்.

அதுவரை நாம் வாளாவிருக்க இயலாது. நம் கிளைகள் இயங்கும் குடியிருப்புகளில் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லுங்கள்: தாய்ப்பாலை நிறுத்தாதீர், கரைசல் பொட்டலத்தை அதில் குறித்த அளவு தூய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுவீர், குழந்தை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்வீர். தந்தையரிடமும் இதைச் சொல்லுங்கள். சொன்னதோடு நின்றுவிடாமல், மறுவாரம் சென்று நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்.