எழுதி வைக்கும் சிகிச்சை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. எனக்கு முன் பேசிய நண்பர் சிலப்பதிகாரத்தைச் சுவைபட எடுத்துரைத்து அமர்ந்தார். நானோ, முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்டு எழுத வேண்டிய குறிப்பேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு வைத்தியத்தில் என்ன அதிகாரம் என்று கேட்பீர்களானால், அதிகாரம் ஏதுமில்லை. ஏடு எழுதுவதில் மட்டும் நெடுநாள் பழக்கம் உண்டு. அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் ஜனக்புரியில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துவிட்ட முதியவர் ஒருவரோ, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட பாட்டி ஒருவரோ இருக்கக் காண்கிறோம். அமெரிக்காவில் இத்தகையோரில் பலர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டிற்குப் போவதில்லை. நர்சுகளும் சிகிச்சையாளர்களும் உள்ள பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்கிறார்கள். அரசின் மெடிகேர் காப்புறுதி விதிகளுக்கு உட்பட்டு 100 நாள் வரை அச்செலவில் பங்கேற்கிறது. நமக்கோ வீட்டின் உள்ளறையே அந்த இல்லம். மருமகளே நர்சு. மாதச் சம்பளத்திற்கு அமர்த்திய அட்டெண்டர் ஒருவர், மாலையில் ஒரு மணி நேரம் வந்துபோகும் பிசியோதெரபிஸ்டு ஒருவர். இத்தனை பேர் உழைக்கிறார்கள். ஒருவரும் ஒரு வரி எழுதுவதில்லை.

இதனால் வரும் தீங்கு உடனே தெரிவதில்லை, பெரியவர் ஊர் மாறும்போதுதான் தெரிகிறது. ஆறு மாதம் டில்லியில் மகன் வீடு, ஆறு மாதம் திருச்சியிலோ சென்னையிலோ மகள் வீடு என்று இருப்போர் நம்மிடையே பலர். ரயிலேறும்போது எக்ஸ்ரே படமும் எம்.ஆர்.ஐ. படமும் மருந்துச் சீட்டும் பை நிறையப் போகின்றன. மூன்று மாதம் என்ன பயிற்சி தரப்பட்டது, முழங்கால் எத்தனை பாகை மடங்கியது, எத்தனை அடி நடந்தார் என்பதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அங்குள்ள சிகிச்சையாளர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். சென்ற மாதம் 90 பாகை மடங்கிய முழங்கால் இன்று 60 பாகைதான் மடங்குகிறது என்றால் அது அபாய அறிவிப்பு. சென்ற மாதக் கணக்கு இல்லாதவருக்கு 60 என்பது வெறும் எண்.

எப்படி எழுதுவது? அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் என்பவர் 1968-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரைகளால் பரவிய முறை ஒன்று உண்டு. நோயாளி சொல்வது முதலாவது. சிகிச்சையாளர் கண்டதும் அளந்ததும் இரண்டாவது. அவற்றிலிருந்து அவர் கொள்ளும் முடிவு மூன்றாவது. இனிச் செய்யப்போவது நான்காவது. 'நோயாளி நலம், பயிற்சி தரப்பட்டது, தொடர்க' என்று எழுதினால் இந்நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. 'வலத்தோள் வலிக்கிறது என்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒருவர் தாங்க வேண்டியிருந்தது. வாக்கரைப் பிடித்துக் கூடத்தில் 6 மீட்டர் நடந்தார், நடுவே ஒரு முறை நின்றார்' என்று எழுதினால், திருச்சியில் இருப்பவர் அந்த நடையைக் கண்ணால் கண்டதுபோல் ஆகிறது.

எண்ணிட்டு எழுதவும் வழி உண்டு. மஹோனி என்ற மருத்துவரும் பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும், இருவரும் பெண்மணிகள், 1965-ல் வெளியிட்ட அளவை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. உண்ணல், குளித்தல், உடுத்தல், கட்டிலிலிருந்து மாறுதல், நடத்தல், படியேறல் முதலிய பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். மிக எளியது. ஆனால் அது மேரிலாந்து மாகாணத்தில் பிறந்த அளவை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுவதும், குத்துக்காலிட்டு உட்காருவதும் அதில் இல்லை. பூஜையறையில் பலகைமேல் அமர முடியவில்லையே என்பதுதான் நம் பாட்டிமாரின் முதற்கவலை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவரும் அதற்காகக் கண்ணீர் விடுவார். ஆகவே அச்சடித்த படிவத்தின் கீழே நம் வீட்டு வழக்கத்திற்கும் இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

இனி, என்னை இப்பொருள்பற்றிப் பேசத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். நம் குடியிருப்பிலேயே நடந்தது; பெயர்கள் வேண்டாம். கணவர் காலமான பின் கும்பகோணத்திலிருந்து மகனிடம் வந்த அம்மையார் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டது. அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இந்தியிலேயே 'கையைத் தூக்கு, கண்ணை மூடு' என்று சொல்லிப் பார்த்துவிட்டு, 'கட்டளைகளைப் பின்பற்றவில்லை' என்று எழுதிவிட்டார்கள். வீட்டிற்கு வந்த சிகிச்சையாளர் அந்த வரியைப் படித்து, இவருக்கு ஒன்றும் விளங்காது என்று கொண்டு, தாமே கைகாலை அசைத்துவிடும் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார். மூன்று வாரம் இப்படிக் கழிந்தது. பள்ளி விடுமுறையில் அருகே அமர்ந்திருந்த பேத்தி, 'பாட்டி, இந்தக் கையைத் தூக்கு பார்க்கலாம்' என்றாள். பாட்டி தூக்கினார். பக்கவாதத்திற்குப் பின் முதற்சில மாதங்களே உடல் விரைந்து தேறும் காலம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அதில் மூன்று வாரத்தை ஒரு வரி விழுங்கிவிட்டது. அவ்வரியில் 'இந்தியில் கேட்டபோது' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்திருந்தால் போதும். படித்தவர் தமிழில் கேட்டுப் பார்த்திருப்பார்.

எழுதாவிட்டால் ஒரு கேடு, தவறாக எழுதினால் பெருங்கேடு என்று இதனால் நான் சொல்லவில்லை. தவறாக எழுதியதைக் கண்டுபிடித்துத் திருத்த முடிந்தது. அந்தரத்தில் இருப்பதை எவர் திருத்துவது? திருத்தும் முறையில் அவர்கள் ஏடும் எங்கள் ரயில்வே ஏடும் ஒன்றே. அழித்தெழுதலாகாது, பழைய எழுத்துத் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதி, தேதியும் கையொப்பமும் இட வேண்டும்.

நம் நாட்டில் இத்துறையை நினைக்கும்போது வேலூரை நினையாமல் இருக்க முடியாது. அங்குக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் குழுவில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வேலூரில் மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதுகுத்தண்டு முறிந்தவரின் மரத்த உடம்பு, படுக்கையில் ஒரே பக்கம் கிடந்து தோல் புண்ணாவதைத் தானே அறிவிக்காது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்த நேரத்தை எழுதும் ஏடுதான் அந்த உடம்பின் சார்பில் பேசுகிறது. அட்டெண்டர் மாறும் வீடுகளில் இரவு இரண்டு மணிக்குப் புரட்டினாரா என்பதை வேறு எதைக் கொண்டு அறிவது?

எழுத்தும் பிறழ்ந்து போவதுண்டு. அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் முன்பு சிகிச்சை நிமிஷத்தைக் கணக்கிட்டே பெருமளவு பணம் தரப்பட்டது. வாரத்திற்கு 720 நிமிஷம் எட்டினால் உச்ச விகிதம். ஏடு நோயாளியை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிற்று. 2019 அக்டோபர் முதல் அம்முறையை நீக்கி, நோயாளியின் நிலையைக் கொண்டு பணம் தருகிறார்கள். மற்றொன்று, 'முன்னேற்றமில்லை' என்று எழுதியதும் சிகிச்சைக்குப் பணம் மறுக்கப்பட்டு வந்தது. 2013-ல் ஒரு வழக்கின் உடன்பாட்டினால், உள்ள நிலை சரியாமல் காக்கத் தேர்ந்த சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் பணம் உண்டு என்று தெளிவாயிற்று. எண்பத்தைந்து வயதுப் பெரியவர் சென்ற ஆண்டு நடந்த பத்தடியை இவ்வாண்டும் நடக்கிறார் என்றால், அதையும் ஏட்டில் வெற்றியாகவே எழுதச் சொல்லுங்கள்.

நம் நாட்டில், மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் ஏட்டை டாக்டர் மூன்றாண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். பிசியோதெரபிஸ்டு உள்ளிட்ட துணைத் தொழிலினருக்கென 2021-ல் தனிச்சட்டம் வந்திருக்கிறது. எனினும் வீட்டிற்கு வருபவரிடம் சட்டம் பேசி எழுத வைப்பது நடவாது. பால்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் கணக்கு வைப்பதுபோலத் தமக்கும் வருகைப் பதிவு வைக்கிறார்கள் என்று அவர் எண்ணிவிடக் கூடாது. நம்மில் சிலர் அப்படித்தான் வைக்கிறோம் என்பதும் உண்மை. ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிஷத்தை எழுதுவதற்கென்றே விட்டுக்கொடுங்கள்; அந்த ஐந்து நிமிஷத்திற்கும் கூலி உண்டு என்று சொல்லுங்கள்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ, அவருக்குக் கைவந்த மொழியில் எழுதட்டும். முதற்பக்கத்தை மட்டும் வீட்டார் எழுதுங்கள்: பெரியவருக்கு எந்த மொழி புரியும், முன்பு எந்தக் கையால் எழுதினார், கண்ணாடி உண்டா, காது கேட்குமா, திரும்பவும் எதைச் செய்ய ஆசைப்படுகிறார். இக்கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன அம்மையார் சொல்லி, பேத்தி எழுதிய விடை: 'அடுக்களையில் நின்று எனக்கு நானே காப்பி கலந்துகொள்ள வேண்டும்.' அதன்பின் சிகிச்சையாளர் எழுதிய பக்கங்களில் மேடையருகே நின்ற நிமிஷங்களும், டம்ளரைப் பிடித்த கையின் பலமும் வரிசையாக வருகின்றன. அம்மையார் இப்போது மகள் வீட்டில் திருச்சியில் இருக்கிறார். நோட்டும் அவரோடு போயிருக்கிறது.