பட்டணத்து நெரிசலும் நம்ம ஊர் அமைதியும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் மாரண்டஹள்ளி விவசாயி ஒருவர் பேசியது)



தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் இருக்கிற மாரண்டஹள்ளிதான் எனக்கு ஊர். இரண்டு ஏக்கர் தக்காளி, ஒரு ஏக்கர் மல்பெரி, மீதி மானாவாரியில் ராகியும் கொள்ளும். இதுதான் என் வெள்ளாமை. வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்று கேட்பீர்கள். இன்றைக்கு நான் ரோட்டைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் பேசப்போகிறேன். இதெல்லாம் ஒரு விவசாய விஷயமா என்று சிரிக்காதீர்கள். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போன வருஷம் மாசி மாதம் பெங்களூரில் பெரிய மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். நம்ம ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனால் போய் இறங்கினால் வேறு உலகம். விடியற்காலை ஐந்து மணிக்கே ஆரன் சத்தம். ராத்திரி பதினொன்றானாலும் ஓயவில்லை. சன்னலைச் சாத்தினால் காற்று வராது, திறந்தால் தூக்கம் வராது.

மகன் வேலைக்குப் போகிற இடம் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். ஏழரை மணிக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்குப் போய்ச் சேருவான். சாயங்காலம் திரும்பிவரவும் அதே ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் நானும் கூடப் போனேன். வழியிலே சில்க் போர்டு சந்திப்பு என்று ஓர் இடம். மத்திய பட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். பட்டுக்கூடு எடுக்கிற நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு பிரியம். ஆனால் அந்தச் சந்திப்பில் நின்றது நின்றபடி இருந்தோம். நடந்து போகிறவர்கள் எங்கள் பஸ்சைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது என் ஒருவன் பேச்சு இல்லை. டாம்டாம் என்கிற நெதர்லாந்து நாட்டுக் கம்பெனி வருஷா வருஷம் உலக நகரங்களின் போக்குவரத்தைக் கணக்கெடுக்கிறது. 2022-ஆம் வருஷக் கணக்குப்படி, பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 29 நிமிஷம் ஆனது. லண்டனுக்கு அடுத்தபடி உலகத்திலேயே மெதுவான ஊர் அதுதான். அங்கே பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. பத்து வயலுக்கும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் ஒரு வாய்க்கால் என்ன செய்யும்? கரை உடையும் அல்லது தண்ணீர் தேங்கும். காலை எட்டரை மணிக்குப் பட்டணத்து ரோட்டில் நடப்பதும் இதுதான்.

சத்தத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. டெசிபல் என்று சொல்லுவார்கள். 2000-ஆம் வருஷம் வந்த மத்திய அரசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, ராத்திரியில் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. பத்து டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ராத்திரி சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். வருஷக்கணக்கில் அதிலேயே இருந்தால் ரத்த அழுத்தமும் இருதய நோயும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பினேன். அடுத்த வாரமே சின்ன மகன் வந்து நின்றான். ஐ.டி.ஐ. முடித்தவன். "அப்பா, நானும் பெங்களூர் போறேன். மாசம் 18,000 ரூபாய் சம்பளம். இங்கே இருந்து என்ன கண்டோம்?" என்றான்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே தக்காளியைப் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டதும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. பட்டணத்தில் மாசம் பிறந்தால் சம்பளம். இங்கே மழையும் மண்டிக்காரரும்தான் சொல்ல வேண்டும். "அமைதி இருக்குதடா" என்று சொன்னால் அமைதியை வைத்துக் கடன் அடைக்க முடியுமா?

அதனால் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அறை வாடகையும் சாப்பாடும் 9,000. பஸ், டீ, கைச்செலவு 2,000. மிச்சம் 7,000. இது எல்லாரும் போடுகிற கணக்கு. நான் இன்னொரு வரி சேர்த்தேன். தினம் மூணு மணி நேரம் ரோட்டில். மாசம் 26 நாளைக்கு 78 மணி நேரம். எட்டு மணி நேரம் ஓர் ஆள் வேலை என்றால், கிட்டத்தட்டப் பத்து ஆள் வேலை ரோட்டுக்கே போய்விடுகிறது. நம்ம ஊரில் இன்றைக்கு ஓர் ஆள் கூலி என்னவென்று உங்களுக்கே தெரியும். பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பட்டணத்துச் சம்பளத்தில் இதையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அவன் சும்மா இருக்கவில்லை. "சரி அப்பா, நம்ம ஊர் அமைதியை மட்டும் எந்தக் கணக்கிலே வைக்கிறது?" என்றான்.

இதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தபோது என் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. நம்ம பக்கத்தில் அந்தக் காலத்தில் சின்ன ரயில் ஓடியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் வந்த குறும்பாதை, 1913-இல் ஓசூர் வரைக்கும் போனது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941-இல், அதை மூடித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி ரயில் வர 1960-கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நடு வருஷங்களில் ஊர் அமைதியாகத்தானே இருந்திருக்கும்? ஆனால் தாத்தா அதை அமைதி என்று சொல்லமாட்டார். "ஊர் வெறிச்சோடிப் போச்சு" என்பார்.

ஆகவே அமைதியிலும் இரண்டு வகை உண்டு. ஏற்றமோ மோட்டாரோ ஓடி, மாடு கன்று கத்தி, பிள்ளைகள் விளையாடுகிற ஊரின் அமைதி ஒன்று. வீடு பூட்டிக் கொல்லை தரிசாகக் கிடக்கிற ஊரின் அமைதி இன்னொன்று. முதல் வகை நமக்கு வேண்டும். இரண்டாவது வகையை யாரும் கேட்கவில்லை. ரோடும் லாரியும் இல்லாவிட்டால் நம்ம தக்காளி பாலக்கோடு மண்டியோடு நின்றுவிடும். பட்டணத்து இரைச்சலில் ஒரு பங்கு நம்ம கூடையிலிருந்து போனதுதான்.

இங்கேதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டணத்து ரோடுதான் ஆபத்து, நம்ம ரோடு சாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. 2022-இல் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறச் சாலைகளில் நடந்தது. பட்டணத்தில் நெரிசலாலேயே வண்டி வேகமாகப் போக முடியாது. நம்ம ரோடு காலியாக இருப்பதாலேயே வேகம் கூடுகிறது. தொப்பூர் கணவாயை அறியாதவர் நம்ம மாவட்டத்தில் உண்டா? இப்போது அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிற ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆகியிருக்கிறது. அதன் எண் 844.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால் ராகி அறுத்து, களத்துக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, தார் ரோட்டிலே பரப்பினேன். வண்டி மிதித்தால் மணி உதிர்ந்துவிடும், ஆள் கூலி மிச்சம். நீங்களும் செய்திருப்பீர்கள். பொழுது சாய்ந்த பிறகும் தாளை ஒதுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த பக்கத்து ஊர்ப் பையன் அதன் மேல் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. நாலு மாசம் படுக்கை. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. "உங்க ராகி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துதா?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரிச் செலவில் என்னால் ஆனதைக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து என் வீட்டு ராகி களத்தில்தான் அடிபடுகிறது.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ராகி, கொள்ளு, சோளத்தட்டு எதையும் ரோட்டில் போடாதீர்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு களத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். மாட்டு வண்டிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் பின்னால், வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வண்டி பழுதாகி நின்றால் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதை இருட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

ரோட்டோரம் மல்பெரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். வண்டிப் புழுதி படிந்த இலையைப் புழு சரியாகத் தின்னாது, நோயும் வரும். ரோட்டுப் பக்கம் உயிர்வேலி வையுங்கள். அந்த ஓர வரிசைகளின் இலையைப் புழுவுக்குப் போடாமல் தவிர்ப்பது நல்லது.

விபத்தைக் கண்டால் வேடிக்கை பார்த்து நிற்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள். உதவிக்குப் போனால் கேஸில் மாட்டுவோமோ என்ற பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருவதற்குத் தமிழக அரசு 2021 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது.

இன்னொன்று. பட்டணத்து ஆரனைக் குறை சொல்லுகிற நாமே, திருவிழா என்றால் கூம்புக் குழாயைக் கட்டி விடிய விடிய அலறவிடுகிறோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது என்பது நமக்கும் உள்ள விதிதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், பிள்ளை பெற்ற தாயும் நம்ம தெருவிலும் இருக்கிறார்கள்.

சின்ன மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஆவணியில் பெங்களூர் போனான். நான் தடுக்கவில்லை. ஆனால் திண்ணையில் போட்ட கணக்கு வீண் போகவில்லை. வேலை செய்கிற இடத்துக்கு நடந்துபோகிற தூரத்திலேயே அறை பிடித்திருக்கிறான். வாடகை 1,500 ரூபாய் கூட. மாசம் எழுபத்தெட்டு மணி நேரம் மிச்சம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போவதாக இருந்தாலும் இதை முதலில் சொல்லி அனுப்புங்கள். நிலத்தை விற்கவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

பொங்கலுக்கு வந்தவன் முதல் ராத்திரி திண்ணையிலேயே படுத்துத் தூங்கினான். காலை எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. இந்தத் தூக்கம் அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் இங்கே காத்திருக்க வேண்டுமானால், நம்ம ரோட்டையும் ஊரையும் நாம்தான் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.