கட்டுரையும் கணிப்பொறியும்



கேட்ட மாத்திரத்தில் கதையும் கவிதையும் எழுதித் தரும் பொறி இன்று உங்கள் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்திருக்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி என்னும் பெயரோடு அது பொதுமக்கள் கைக்கு வந்தது. "அது எழுதும்போது நாங்கள் ஏன் வருந்தி எழுதவேண்டும்?" என்று மாணவர் பலர் என்னைக் கேட்கின்றனர். கேட்கத்தக்க வினாவே.

அப்பொறி எவ்வாறு எழுதுகின்றது? மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் பெருந்தொகையாக அதற்கு ஊட்டியிருக்கின்றார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதை அவற்றினின்று அது கணித்து வைத்திருக்கின்றது. 'வானம் கறுத்தது' என்று தொடங்கினால், மழையும் மயிலும் தாமே வந்து நிற்கும். பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் கால் தானே செல்வது போன்றது அது.

இங்கிலாந்தில் பணியாற்றும் அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்னும் இருவர் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஏறத்தாழ 300 பேரை எட்டு வாக்கியத்தில் கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்குப் பொறி தந்த கருத்துகளைக் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. பொறியின் துணை பெற்ற கதைகள், தனித்தனியே படித்தபோது நன்றாகவே தோன்றின. திறம் குறைந்தோர் பெரிதும் பயனடைந்தனர். இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவற்றை ஒருங்கே வைத்து நோக்கியபோது, துணையின்றி எழுதியோர் கதைகளைவிட அவை ஒன்றையொன்று மிகுதியாக ஒத்திருந்தன.

இந்நோய் நமக்குப் புதியதன்று. கட்டுரை வழிகாட்டி நூல்களை உருப்போட்டு எழுதிய ஏடுகளை ஆண்டுதோறும் திருத்தியவன் நான்.

பல ஆண்டுகட்கு முன் 9ஆம் வகுப்பில் 'மழை' என்று தலைப்புக் கொடுத்தேன். 40 ஏடுகளில் 39 ஏடுகள் மழையை வாழ்த்தின. ஒருவன் மட்டும் வைதிருந்தான். அவன் தாய் சூளையில் செங்கல் அறுப்பவள். அறுத்துக் காயவைத்த பச்சைக்கல் பெருமழைக்குத் தாங்காது, கரைந்து சேறாகிவிடும். கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. நள்ளிரவில் இடியோசை கேட்டுத் தாயும் மகனும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடியதை எழுதியிருந்தான். சந்திப்பிழைகள் உண்டு; இருக்கட்டும். அவ்வேட்டை வகுப்பில் உரக்கப் படித்தேன். அடுத்துத் 'தீபாவளி' பற்றி எழுதச் சொன்னபோது, தையற்காரர் மகள் ஒருத்தி, இரவெல்லாம் ஊராருக்குத் தைத்துவிட்டுப் பண்டிகையன்று பகல் முழுதும் உறங்கும் தன் தந்தையைப் பற்றி எழுதினாள்!

சென்ற திங்களில் அந்த 'மழை'யைப் பொறியிடம் கொடுத்துப் பார்த்தேன். குளிர்காற்று வந்தது, மண்வாசனை வந்தது, காகிதக் கப்பல் மிதந்தது, உழவன் முகம் மலர்ந்தது. நடையிலும் குறை காணவில்லை. சூளையில் பெய்யும் மழையைப் பற்றி எழுது என்றால் அதனையும் எழுதும். அப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு ஒருவன் சூளையருகே நின்றிருக்க வேண்டுமன்றோ?

ஆதலால், பொறியை அறவே தொடாதீர் என்று நான் கூறேன். முதற்படியைக் கைப்பேசி அருகில் இல்லாதபோது நீங்களே எழுதுங்கள். பின்னர் அதே தலைப்பைப் பொறியிடம் கொடுங்கள். அதன் எழுத்திலும் உங்கள் எழுத்திலும் பொதுவாக வந்தவற்றை அடித்துவிடுங்கள். எஞ்சியவற்றை விரித்து எழுதுங்கள். போட்டிக்குக் கதை எழுதவிருந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு இம்முறையைச் சொன்னேன். தன் பாட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அடித்தவை போக ஏழு வரிகளே எஞ்சின என்று வருந்தினாள். அவற்றைப் படிக்கச் சொன்னேன். மறைந்த கணவரின் மூக்குக்கண்ணாடியைப் பாட்டி நாள்தோறும் அணிந்துகொண்டு செய்தித்தாளை விரித்து வைத்திருப்பாளாம். கண்ணாடியும் அவளுக்குப் பொருந்தாது, எழுத்தும் தெரியாது. அந்த வரியினின்று கதையைத் தொடங்கி இப்போது எழுதிக்கொண்டிருக்கின்றாள்.