மானுக்கு வகுப்பு, கடைவீதிக்கு வேண்டாம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மான் வேட்டைக்குக் கிளம்புபவர், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவரென்றால், வேட்டைப் பயிற்சி பெற்றாக வேண்டும். அதே ஆள் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு கடைவீதிக்குப் போனால்? ஒரு வகுப்பும் வேண்டாம்!

2021 செப்டம்பர் 1-க்கு முன் அப்படியில்லை. கைத்துப்பாக்கி ஏந்தும் உரிமம் வாங்க நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்டும் சோதனை. தூரமும் பெரிதில்லை, 3, 7, 15 கஜம்தான். இப்போது 21 வயதாகி, சட்டத் தடை இல்லாதவருக்கு உரிமமே தேவையில்லை.

ஆனால் நியூயார்க்கில் அப்படி ஏந்தும் உரிமத்துக்கு 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம்.

பயிற்சிக்குப் பணமில்லாத ஏழை எப்படித் தற்காத்துக்கொள்வார் என்கிறார்கள் கட்டாயப் பயிற்சியை எதிர்ப்பவர்கள். நியாயமான கேள்விதான், வகுப்பை இலவசமாக்கிவிடலாமே! டெக்சஸ் சட்டமே இணையத்தில் இலவசப் பாடம் வைக்கச் சொல்கிறது. படிப்பது மட்டும் அவரவர் விருப்பம்.