பூங்காவிலே ஒரு பொது ஓட்டம்

2004 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் திகதி, இலண்டன் மாநகரின் புஷி பூங்காவிலே பதின்மூவர் கூடி ஐந்து கிலோமீற்றர் தூரம் ஓடினர். ஏற்பாடு செய்தவர் போல் சின்டன் ஹியூவிற். கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. இன்று அவ்வோட்டம் பல நாடுகளிலே வாரந்தோறும் நடைபெறுகின்றது. அனைவருக்கும் பின்னாலே தொண்டர் ஒருவர் நடந்து வருவார். ஆதலின், ஓட வந்தவர் எவரும் தனித்து விடப்படுவதில்லை.

நுவரெலியா விக்டோரியா பூங்காவிலோ, தோட்டத்துத் திடலிலோ இவ்வாறு கூடி ஓட விழைவோர், முதலிலே மலையின் உயரத்தை மதித்தல் வேண்டும். நுவரெலியா நகர் கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வந்தவர் முதல் நாளே விரைந்தோடினால் மூச்சு வாங்கும். கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் மலையேறும் பெண்ணுக்கு உயரம் புதிதன்று. ஆயினும், ஏறப் பழகிய கால் ஓடப் பழகியதாகாது. இரத்தச்சோகையோ இருதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஓடுதல் நன்று.

குளிர்காலையிலே சிறிது நடந்து உடலைச் சூடேற்றிக் கொள்க. மழை நனைத்த பாதை வழுக்கும். மூடுபனியிலே பளிச்சென்ற நிற உடை உதவும். அருகில் ஓடுபவரோடு பேச முடிகின்ற வேகமே தக்க வேகம். நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்று தொண்டரிடம் சொல்லுதல் வேண்டும். அவர் 1990 என்னும் எண்ணை அழைத்து இலவச நோயாளர் ஊர்தியை வரவழைக்கலாம்.

பரிசில்லாத ஓட்டத்திலே தோற்பவர் இல்லை. ஆகவே, இடையில் நிற்பதற்கு எவரும் நாணவேண்டியதும் இல்லை.