மேசைமேல் ஒரு கோச்சி

வெலிமடையில் கோச்சி இல்லை. பார்க்க ஆசைப்பட்டால் பண்டாரவளைக்கு பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால், மேசைமேல் ஓடுகிற குட்டி ரயில் ஒன்றை வாங்கலாம்.

160 மடங்கு சிறிதாக்கிய 'என்' அளவு ரயிலைச் சொல்கிறேன். அந்தக் கணக்கில் 91 மீட்டர் நீளமான ஒன்பது வளைவுப் பாலம் 57 சென்டிமீட்டர்தான். சாப்பாட்டு மேசையிலேயே அடங்கிவிடும். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வந்து, தன் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகிறதே, அந்த வித்தையையும் செய்து பார்க்கலாம். பிள்ளைகளைவிட அப்பாமார்தான் இதில் சோறு தண்ணி மறப்பார்கள்!

குறையும் உண்டு. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். நம்முடைய 1676 மில்லிமீட்டர் பாதையை 160ஆல் வகுத்தால் பத்தரை வரவேண்டும். ஆக, நம் பொடி மெனிக்கே ரயிலை இதில் ஓடவிட்டால் பாதை கொஞ்சம் ஒடுக்கம்தான். அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். தூசியை விட முடியாது. தண்டவாளத்து மின்சாரம் சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்கு ஏறுகிறது. மெல்லிய அழுக்கு படிந்தாலே எடையில்லாத அந்தக் குட்டி எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடும். விரலால் தட்டினால் நாலு அங்குலம் போகும், மறுபடி நிற்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் அடிக்கடி துடைத்தே ஆகவேண்டும்.

வீட்டில் பூனை இருந்தால், முதலில் அறைக் கதவுக்கு ஒரு கொண்டி போடுங்கள்.